கைப்பேசியும் கைங்கரியமும்

காவிரியும் கொள்ளிடமும் இருபுறமும் அணைத்துக் கிடக்கும் திருவரங்கத்தில், கடந்த சில ஆண்டுகளாக முதியோர் கூட்டம் பெருகி வருகிறது. பிள்ளைகள் பெங்களூரிலோ கடல் கடந்தோ வேலை பார்க்க, பெற்றோர் அரங்கன் திருவடி நிழலில் இருந்தால் போதும் என்று இங்கே வந்து தங்கிவிடுகின்றனர். புதிதாக எழுந்துள்ள அடுக்ககங்களில் பல வீடுகளில் இருப்பவர் இருவரே. சில வீடுகளில் ஒருவர் மட்டுமே. விடியலில் விசுவரூப சேவை, மாலையில் பிரகார வலம், இடையில் நீண்ட பகல். அந்த நீண்ட பகலில் மகனின் குரலையும் பேத்தியின் முகத்தையும் கொண்டுவந்து சேர்ப்பது உள்ளங்கை அளவுள்ள ஒரு கருவி. அது பேசாமற் போய்விட்டால் வீடே ஊமையாகிவிடுகிறது.

அப்படி ஊமையாகிப் போன கைப்பேசியை மடியில் முடிந்துகொண்டு பெரியவர்கள் வந்து சேரும் இடம் ஒன்று கீழச் சித்திரை வீதியில் உண்டு. பழைய ஓட்டு வீடு; வாசலில் வழுவழுப்பான திண்ணை. புதன், சனிக் கிழமைகளில் மாலை 4 மணிக்குத் திண்ணையில் ஒரு பாய் விரிக்கப்படும். வீட்டுக்கு உரிய அம்மையாருக்கு வயது 73. தொலைபேசித் துறையில் டிரங்க் எக்ஸ்சேஞ்ச் ஆபரேட்டராக வேலைக்குச் சேர்ந்து, ஓய்வு பெற்றவர். வீதியில் உள்ளோர் அவரை 'டிரங்க் கால் மாமி' என்றே அழைக்கின்றனர்.

டிரங்க் கால் காலத்தை இந்த இதழின் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சென்னைக்குப் பேச வேண்டுமானால் எக்ஸ்சேஞ்சில் பதிவு செய்துவிட்டு, மணி எப்போது அடிக்கும் என்று குளிக்கவும் போகாமல் காத்துக் கிடந்த நாள்கள் அவை. சாதாரண கால், அர்ஜென்ட் கால், உயிர் போகிற அவசரத்துக்கு லைட்னிங் கால். மூன்று நிமிடம் முடிந்ததும் நடுவில் ஒரு பெண் குரல் நுழைந்து, "நேரமாயிற்று, நீட்டிக்கட்டுமா?" என்று கேட்கும். அந்தக் குரல்களுள் ஒன்று மாமியுடையது. யாரோ ஒருவரின் துக்கச் செய்தியும் வேறொருவரின் நிச்சயதார்த்தச் செய்தியும் அவர் கை வழியாகவே கம்பியில் ஏறின. கேட்டதை வெளியே சொல்லலாகாது என்பது அந்த வேலையின் முதற் பாடம். இன்றைய திண்ணையிலும் அப்பாடம் அப்படியே தொடர்கிறது.

திண்ணைக்கென்று ஒரு விதி இருக்கிறது. கைப்பேசி அதன் உடையவர் கையிலேயே இருக்க வேண்டும். மாமி அதை வாங்கிக்கொள்ள மாட்டார். புதிதாக வருகிறவர்களுக்கு இது வியப்பாகவும், சிலருக்குச் சற்று எரிச்சலாகவும் இருக்கும். "நீங்களே சரி பண்ணிக் கொடுத்துடுங்கோளேன் மாமி" என்று நீட்டுவார்கள். மாமி கைகளை மடியில் வைத்துக்கொண்டு சிரிப்பார். விடுமுறைக்கு வருகிற பேரன் அப்படித்தான் செய்கிறான். வெடுக்கென்று வாங்கி, இரண்டு கட்டைவிரல்களும் ஓட, அரை நிமிடத்தில் "சரியாயிடுத்து பாட்டி" என்று திருப்பிக் கொடுத்துவிடுகிறான். கோளாறு நீங்கிவிட்டது, எப்படி நீங்கிற்று என்பது பாட்டிக்குத் தெரியாது. அதே கோளாறு மறுபடி வரும் வேளையில் பேரன் கலிபோர்னியாவில் உறங்கிக்கொண்டிருப்பான். அடுப்படியில் எட்டி நின்று பார்த்துக்கொண்டே இருந்தவருக்கு இரசம் வைக்க வருமா? கரண்டி கையில் இருந்தால்தான் வரும்.

முதல் நாள் பாடம் விரலைப் பற்றியது. முதியோர் சொல்லும் குறைகளில் பாதி, தொடும் விதத்தால் வருவனவே. வயதான விரல் நுனி உலர்ந்திருக்கும். திரை அதை உணராது. உணரவில்லையே என்று அஞ்சல் முத்திரை குத்துவது போல் அழுத்தினால், கருவி அதை வேறொரு கட்டளையாக எடுத்துக்கொண்டு, கேளாத பட்டியல்களை எல்லாம் விரித்துக் காட்டும். "நெற்றியில் பொட்டு வைக்கிறாப் போலத் தொட்டு எடுங்கோ" என்று மாமி பெண்களுக்குச் சொல்லுவார். அழைப்பு வரும்போது, பெரும்பாலான கருவிகளில் அதை மேல் நோக்கித் தள்ளி எடுக்க வேண்டும். அதற்கு ஆண்களுக்கு அவர் கூறும் உவமை, திருமண் காப்புத் தரிப்பது. கீழிருந்து மேலாக ஒரே இழுப்பு. ஆண்டுகள் பல நாள்தோறும் பழகிய விரலுக்கு அது உடனே பிடிபட்டுவிடுகிறது. உலர்ந்த விரலை ஈரத் துணியில் லேசாக ஒற்றிக்கொண்டாலும் போதும்.

மற்ற கோளாறுகளில் பல மிக எளியவை. குரல் கேட்கவில்லை என்று வருவோரில் சிலருக்குக் காதில் குறையே இல்லை. கருவியின் மேல் விளிம்பில் ஒலி வரும் சிறு துளையில் தூசு அடைந்திருக்கும், அல்லது கண்ணாடி உறை அதை மறைத்திருக்கும். பேசிக்கொண்டிருக்கும்போதே பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தினால்தான் பேச்சின் ஒலி கூடும். மற்ற வேளையில் அழுத்துவது வேறு ஒலியைக் கூட்டும் என்பது பலருக்குப் புதிய செய்தி. யாருமே அழைப்பதில்லை என்று பிள்ளைகள் மேல் மனத்தாங்கலோடு வந்த ஒருவரின் கருவியில், விமானப் படம் போட்ட பொத்தான் எப்படியோ அழுந்திக் கிடந்தது. திரையின் உச்சியிலிருந்து விரலைக் கீழே இழுத்து, அந்த விமானத்தை அவரே தொட்டு அணைத்தார். அடுத்த கணம் மணிகள் வரிசையாக ஒலித்தன. இரண்டு நாளாக மகள் அனுப்பியிருந்த செய்திகள். எழுத்துச் சிறிதாயிருந்தால் அமைப்புகளில் திரை என்ற பகுதிக்குச் சென்று எழுத்தைப் பெரிதாக்கலாம். தட்டச்சுச் செய்ய வராதவர்கள் ஒலிவாங்கிப் படத்தைத் தொட்டுத் தமிழிலேயே பேசினால் கருவி எழுதிக்கொள்ளும். எதுவும் புரியாவிட்டால் ஒருமுறை முழுவதுமாக அணைத்துவிட்டு மீண்டும் எழுப்ப வேண்டும். "பெருமாளுக்கே பள்ளியறையும் திருப்பள்ளியெழுச்சியும் உண்டு. இந்தப் பெட்டிக்கு வாரத்துக்கு ஒருநாள் கூடாதா?" என்பது மாமியின் வாதம்.

ஒரே பாடத்தை ஒருவர் எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்கலாம். திருமந்திரத்தின் பொருளைக் கேட்க இதே அரங்கத்திலிருந்து திருக்கோஷ்டியூருக்கு எம்பெருமானார் 18 முறை நடந்தார் என்று குருபரம்பரைக் கதைகளில் கேட்டு வளர்ந்த ஊர் இது. அத்தகைய ஆசாரியரே 18 முறை நடந்திருக்க, எழுபத்தைந்து வயதில் ஒரு படத்தை அனுப்பும் வழியை ஐந்தாம் முறை கேட்பதில் என்ன குறை?

சென்ற ஆண்டு ஒரு மூதாட்டி கொண்டுவந்த சிக்கல் வேறு வகையானது. அவருடைய கைப்பேசியில் இடமே இல்லை. புதிய படம் எடுக்க முடியவில்லை, செயலிகள் திறக்கவில்லை. வாட்ஸ்அப் குழுக்களில் காலைதோறும் வந்து குவிந்த பெருமாள் படங்களும், தாயார் புறப்பாட்டுக் காணொளிகளும், பூக்களுக்கு நடுவே வணக்கம் கூறும் விநாயகர் படங்களும் ஆயிரக்கணக்கில் நிறைந்திருந்தன. நீக்குங்கள் என்றால் அவர் கை நடுங்கிற்று. "பெருமாளைக் குப்பைத் தொட்டிப் படத்தில் போடச் சொல்றேளா? அபசாரமில்லையா?" என்று கேட்டார். பேத்தி முன்பொரு முறை கேளாமலே நீக்கிவிட்டதற்காக அவர் ஒரு வேளை உணவு கொள்ளவில்லையாம்.

இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். நாள்காட்டியில் அச்சான சுவாமி படத்தைக்கூடக் கிழித்து எறிய மனம் வராமல், ஆற்றில் விடும் வரை பரணில் பத்திரப்படுத்தி வைக்கும் குடும்பங்களில் பிறந்து வளர்ந்தவரிடம், 'அது வெறும் ஒளிப்புள்ளி' என்று வாதாடுவதில் பயனில்லை. மாமி வாதாடவில்லை. "நேத்து சாத்தின மாலை இன்னிக்குக் காலையில் எங்கே?" என்று மட்டும் கேட்டார். மூதாட்டி யோசித்தார். நேற்றைய மாலை நிர்மால்யம். விடிந்ததும் அதைக் களைந்த பிறகே புதிய மாலை. களைவதும் கைங்கரியத்தின் ஒரு பகுதிதான். களையாமல் மேலே மேலே சாத்துவதை யாரும் பக்தி என்று சொல்வதில்லை. சிறிது நேரம் கழித்து மூதாட்டி தம் விரலாலேயே முதற் படத்தைத் தொட்டார். மிகப் பிடித்த பதினைந்து படங்களை மட்டும் நிறுத்திக்கொண்டு, மற்றவற்றைக் கண்ணில் ஒற்றிக்கொள்வது போல் ஒருகணம் பார்த்துப் பார்த்துக் களைந்தார். மூன்று மாலைகள் ஆயின. பின்னர், வருகிற படமெல்லாம் தானாகவே இறங்கிச் சேமிக்கப்படுவதை வாட்ஸ்அப்பின் அமைப்புகளில் நிறுத்தும் வழியையும் கற்றுக்கொண்டார். இப்போது வேண்டியதைத் தொட்டால் மட்டுமே அது இறங்குகிறது.

ஆயினும் எல்லாவற்றையும் நிர்மால்யம் என்று தள்ளிவிட முடியாது. அடையவளஞ்சான் வீதியிலிருந்து வரும் ஓர் அம்மாளின் கைப்பேசி பழுதாகி, ஒரு மணி நேரத்துக்கு மேல் மின்னூட்டம் தாங்கவில்லை. மகள் புதிய கருவி வாங்கி அனுப்பிவிட்டாள். அம்மாளோ அதைப் பெட்டியிலிருந்து எடுக்கவே இல்லை. காரணத்தை மகளிடமும் சொல்லவில்லை. இரண்டு புதன்கிழமைகள் சும்மா வந்து அமர்ந்திருந்துவிட்டு, மூன்றாம் முறை, மற்றவர்கள் எழுந்து போன பின் மெதுவாகச் சொன்னார். பழைய கருவியில் மறைந்த கணவரின் குரல் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் என்றோ அனுப்பிய குரற்செய்தி, பத்து நொடிதான்: "கோவில்லேருந்து வர நாழியாகும். கதவைத் தாழ்ப்பாள் போட்டுண்டுடாதே." அவ்வளவே. வேறு எங்கும் அவர் குரல் பதிவாகவில்லை. புதிய கருவிக்கு மாறினால் அது போய்விடும் என்ற அச்சம்.

அச்சம் காரணமற்றது அன்று. காப்புப் பிரதி எடுக்காமல் கருவியை மாற்றினால் பழைய உரையாடல்கள் கிடைக்காமற் போவதுண்டு. அன்று மாலை அந்தக் குரற்செய்தியை அம்மாளே அழுத்திப் பிடித்துத் தேர்ந்தெடுத்தார்; இந்த ஓரிடத்தில் மட்டும் முத்திரை குத்துவது போன்ற அழுத்தமே வேண்டியிருந்தது. அதை மகளுக்கும், மற்றொரு நெருங்கிய உறவினருக்கும் அனுப்பினார். பின் உரையாடல்கள் முழுவதையும் காப்புப் பிரதி எடுத்தார். அது முடியும் வரை கருவி மின்னிணைப்பிலேயே இருந்தது. திண்ணையில் விளக்கும் ஏற்றியாயிற்று. மகளிடமிருந்து பதில் உடனே வரவில்லை. ஒரு மணி நேரம் கழித்து அழைப்பு வந்தது. இருவரும் என்ன பேசிக்கொண்டனர் என்பதைக் கேட்காமல் மாமி உள்ளே போய்விட்டார்.

வீட்டில் மூத்தவர் ஒருவரின் கைப்பேசியை மாற்றித் தருகிற பிள்ளைகள், 'இதில் நீங்கள் இழக்க விரும்பாதது எது?' என்று ஒரு வார்த்தை கேட்பது நலம். விலையுயர்ந்த கருவியைவிட அந்தக் கேள்வி பெரிது.

ஐப்பசி, கார்த்திகை பிறந்தால் திண்ணையில் ஓய்வூதியர் கூட்டம். ஆண்டுதோறும் நவம்பரில் 'உயிரோடு இருக்கிறேன்' என்று சான்று தர வேண்டும். மத்திய அரசு ஓய்வூதியரில் 80 வயது கடந்தவர்கள் அக்டோபரிலேயே தரலாம். 2014இல் ஜீவன் பிரமாண் என்னும் மின்னணு வாழ்நாள் சான்று வந்தது. முதலில் விரல்ரேகைக் கருவி வேண்டியிருந்தது. தேய்ந்த ரேகைகளோடு பலர் திண்டாடினர். 2021 முதல் கைப்பேசியின் காமிராவில் முகத்தைக் காட்டியே சான்று பெறும் வழி உண்டு. முகத்தில் வெளிச்சம் விழ வேண்டும். சன்னலுக்கு முதுகு காட்டி அமரலாகாது. கேட்கும்போது கண்ணை இமைக்க வேண்டும். "இமைச்சாத்தான் இருக்கேன்னு நம்பறான், இமைக்காதவா எல்லாம் தேவர்கள் ஆச்சே" என்றார் ஓய்வு பெற்ற சமஸ்கிருத ஆசிரியர் ஒருவர். திண்ணை முழுவதும் சிரித்தது.

தரிசனச் சீட்டுகளின் கதை வேறு. திருமலையில் 300 ரூபாய் சிறப்பு நுழைவுத் தரிசனத்துக்கான சீட்டுகள் மாதந்தோறும் ஒரு குறித்த நாளில், குறித்த நேரத்தில் இணையத்தில் திறக்கப்படுகின்றன. பல வாரங்களுக்கு முன்னதாகவே முடிந்தும் விடுகின்றன. ஓ.டி.பி. வந்து அதைத் தேடி எடுப்பதற்குள் நேரம் கடந்துவிட்டது என்று வருந்துவோர் பலர். முதல் நாளே பெயர், வயது, ஆதார் எண் ஆகியவற்றை ஒரு தாளில், அட்டையில் உள்ள எழுத்துக்கூட்டலின்படியே எழுதி வைத்துக்கொண்டால் பாதிப் பதற்றம் குறையும். ஆனால் மாமி வலியுறுத்துவது வேகத்தைப் பற்றி அன்று. கோயிலின் பெயரைத் தேடும்போது முதலில் வந்து நிற்பதெல்லாம் தேவஸ்தானத்தின் தளம் ஆகிவிடாது. தங்குமிடம் தருகிறோம், பிரசாதம் வீட்டுக்கே அனுப்புகிறோம் என்று கோபுரப் படம் போட்டுப் பணம் பறிக்கும் போலித் தளங்கள் உண்டு. பெருமாள் பெயரைக் கண்டதும் நம்பிவிடும் பழக்கம் நம்மவருடையது. அந்தப் பழக்கத்தை நன்றாக அறிந்தவர்களே அத்தளங்களை அமைக்கிறார்கள்.

இவ்விடத்தில் சற்று நிற்க வேண்டும். ஏனெனில் திண்ணைக்கு வருகிறவர்கள் மாமியிடம் கேட்கிற கேள்விகளைவிட, கேளாமல் மறைக்கிற செய்திகளே அவரை அதிகம் கவலையுறச் செய்கின்றன. ஓ.டி.பி.யை யாருக்கோ சொல்லிவிட்டேன், எதையோ தொட்டுவிட்டேன், பணம் குறைந்திருக்கிறது: இவற்றை முதியோர் எளிதில் வாய் திறந்து சொல்வதில்லை. சொன்னால் மகன் திட்டுவான். மருமகள் எதிரில் தலைகுனிய நேரும். 'இனி உங்களுக்கு இந்த போன் வேண்டாம்' என்று பிடுங்கிவிடுவார்கள். ஐம்பது ஆண்டுகள் குடும்பக் கணக்கைக் கையில் வைத்திருந்தவருக்கு அது சிறிய இழிவன்று.

அடுக்ககத்தில் தனியே வசிக்கும் பெரியவர் ஒருவர் அப்படித்தான் வாயடைத்துப் போனார். தணிக்கைத் துறையில் முப்பத்தைந்து ஆண்டு பணியாற்றியவர். பிறர் கணக்கில் ஒரு ரூபாய் பிசகினாலும் கண்டுபிடித்தவர். இரண்டு ஆண்டுகளுக்கு முன், மின்கட்டணம் நிலுவை, இன்றிரவே இணைப்புத் துண்டிக்கப்படும் என்று வந்த பொய்ச் செய்தியை நம்பி 5,000 ரூபாயை இழந்திருந்தார். மகனிடம் சொன்னபோது அவன் தொலைபேசியிலேயே கத்தினான். தப்பான எண்ணத்தால் அன்று, பயத்தால் கத்தினான். ஆனால் கேட்டவருக்குக் கத்தல் மட்டுமே கேட்டது. இனி எது நடந்தாலும் இவனிடம் சொல்லுவதில்லை என்று அவர் தமக்குள் முடிவு செய்துகொண்டார்.

அந்த முடிவு பின்னர் வந்தவர்களுக்கு வசதியாயிற்று. ஒரு புதன்கிழமை காலை வந்த அழைப்பில், அவருடைய ஆதார் எண்ணில் அனுப்பப்பட்ட பார்சலில் போதைப்பொருள் இருந்ததாகச் சொன்னார்கள். சிறிது நேரத்தில் காணொளி அழைப்பு. காக்கி உடையில் ஒருவன், பின்னால் கொடியும் முத்திரையும். 'நீங்கள் டிஜிட்டல் கைதில் இருக்கிறீர்கள். காமிராவை அணைக்கக் கூடாது. யாரிடமும் பேசக் கூடாது' என்றார்கள். யாரிடமும் பேசாதே என்ற கட்டளை அவருக்குப் புதிதாக இல்லை. பகல் முழுவதும் நாற்காலியில் அமர்ந்திருந்தார். மாலைச் சந்தி செய்யவும் அனுமதி கேட்டார். அன்றிரவு, சரிபார்க்க என்று கேட்ட 90,000 ரூபாயை கைப்பேசி வழியே அனுப்பினார். மறுநாள் காலை வங்கிக்குச் சென்று வைப்புத்தொகையை முறித்து அனுப்ப வேண்டும் என்பது அடுத்த கட்டளை. அழைப்பைத் துண்டிக்காமல், கருவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அவர் புறப்பட்டார்.

மாமி அப்போது திண்ணையில் தாயாருக்கு மல்லிகை தொடுத்துக்கொண்டிருந்தார். வெள்ளைக் கோபுரம் கண்ணில் படும் அந்தத் திருப்பத்தில் பெரியவர் செருப்பைக் கழற்றி, கை குவித்து நின்றுவிட்டே மேலே நடப்பார். மழையிலும் அது தவறியதில்லை. அன்று கோபுரத்தை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. முந்தின மாலை பாயிலும் அவர் வந்து அமரவில்லை. மாமி எழுந்து குறுக்கே போய் நின்றார். "என்ன ஆச்சு அண்ணா?" என்றார். அவர் உதட்டில் விரலை வைத்தார். சட்டைப் பையைக் காட்டினார். திண்ணையில் கிடந்த பாடக் குறிப்பேட்டையும் பென்சிலையும் மாமி நீட்ட, அதில் எழுதினார்: 'போலீஸ். பேசக் கூடாது.'

திண்ணையின் விதி அன்று ஒருமுறை மீறப்பட்டது. மாமி அவர் பையில் கைவிட்டுக் கருவியை எடுத்து, பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தி முழுவதுமாக அணைத்தார்.

இந்தியச் சட்டத்தில் டிஜிட்டல் கைது என்று ஒன்று கிடையாது. 2024 அக்டோபர் 27 அன்று தம் வானொலி உரையில் பிரதமரே இதை நாட்டு மக்களுக்கு எடுத்துச் சொன்னார். காவல்துறையோ நீதிமன்றமோ காணொளியில் யாரையும் காவலில் வைப்பதில்லை; விசாரணைக்காகப் பணத்தை அனுப்பச் சொல்வதுமில்லை. பணம் போய்விட்டால் உடனே அழைக்க வேண்டிய எண் 1930. எவ்வளவு விரைவாகச் சொல்கிறோமோ, அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே முடக்க இயலும். திண்ணையிலிருந்தே, மாமியின் கைப்பேசியில், பெரியவர் அந்த எண்ணை அழைத்து விவரம் சொன்னார். பின்பு இருவரும் வங்கிக்கே நடந்தனர். 90,000 ரூபாயில் ஒரு பகுதி முடக்கப்பட்டது. எஞ்சியது போனது போனதுதான். வைப்புத்தொகை தப்பிற்று.

அதன் பிறகே கடினமான வேலை. "என் பிள்ளைக்கு மட்டும் தெரிய வேண்டாம்" என்று அவர் கேட்டுக்கொண்டார். டிரங்க் எக்ஸ்சேஞ்சின் முதற் பாடத்தை மீறி மாமி யாருக்கும் சொல்லப் போவதில்லை. ஆனால் மறைத்துவிடுங்கள் என்றும் சொல்லவில்லை. மகனுக்கு மாமி தனியாக ஒரே ஒரு செய்தி அனுப்பினார்: 'இன்று மாலை அப்பா உன்னிடம் ஒன்று சொல்லுவார். முடிக்கும் வரை பேசாமல் கேள்.' மாலையில் பெரியவர் தாமே எண்ணை அழுத்தினார். எல்லாவற்றையும் சொன்னார், தணிக்கை அறிக்கை போல, நேரம், தொகை, தவறு என்று வரிசையாகச் சொன்னார். மறுமுனையில் நெடுநேரம் ஓசை இல்லை. அழைப்பு அறுந்துவிட்டதோ என்று அவர் திரையைப் பார்த்தார். அப்புறம் மகன் கேட்டான்: "நேத்திக்கு சாப்பிட்டேளா அப்பா?"

மோசடிக்காரர்கள் நாளுக்கொரு வேடம் மாற்றுகிறார்கள். திருமண அழைப்பிதழ் என்று வாட்ஸ்அப்பில் வரும் ஏ.பி.கே. கோப்பைத் திறந்தால் கருவியே அவர்கள் கைக்குப் போகலாம். பணம் தருகிறோம், பின் எண்ணைப் போடுங்கள் என்பான் ஒருவன், யு.பி.ஐ.யில் பணம் பெறுவதற்குப் பின் எண் வேண்டவே வேண்டாம், கொடுப்பதற்கே வேண்டும். வாடிக்கையாளர் சேவை எண் என்று தேடிக் கிடைத்த எண்ணில் பேசுபவன், திரையைக் காட்டும் செயலி ஒன்றை ஏற்றச் சொல்லுவான். வங்கியின் எண்ணை வங்கிக் கணக்குப் புத்தகத்திலிருந்தோ அட்டையின் பின்புறத்திலிருந்தோ எடுப்பதே முறை. இவற்றையெல்லாம் மாமி சொல்லித்தான் வருகிறார். எனினும் நாளைய வேடம் எதுவென்று யாருக்குத் தெரியும்? அதனால் அவர் வீட்டுப் பிள்ளைகளிடம் வேண்டுவது வேறு. அப்பா அம்மா கைப்பேசியில் என்ன தவறு செய்தாலும், முதல் வார்த்தையாகக் கடிந்துகொள்ளாதீர்கள். அடுத்த முறை அவர்கள் உங்களிடம் வந்து சொல்ல வேண்டுமல்லவா?

இதை 11 பேருக்கு அனுப்பாவிட்டால் தீங்கு நேரும் என்று சாமி படத்தோடு வரும் செய்திகளுக்கும் திண்ணையில் ஒரு மறுமொழி உண்டு. அஞ்சலட்டைக் காலத்திலேயே இவை இருந்தன. அன்று அட்டைக்குக் காசு செலவாயிற்று, இன்று அதுவும் இல்லை. பலமுறை பகிரப்பட்டது என்ற குறியோடு வருபவற்றை 2020 ஏப்ரலிலிருந்து ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்ப வாட்ஸ்அப் விடுகிறது. பயமுறுத்தித் தன் நாமத்தைப் பரப்பச் சொல்லும் தெய்வம் எதுவும் நம் தலங்களில் இல்லை.

பெரியவர் அதன் பின் இரண்டு வாரங்கள் திண்ணைப் பக்கம் வரவில்லை. மூன்றாம் புதன் வந்தார். கோபுரத்தின் எதிரில் நின்று சேவித்துவிட்டு, பாயின் ஓரத்தில் அமர்ந்தார். மோசடியைப் பற்றி யாரும் பேசவில்லை, அவரும் பேசவில்லை. ஏகாதசிக்கு முந்தின நாள் இரவே தமக்கு நினைவூட்டும்படி கைப்பேசியில் மணி வைக்க முடியுமா என்று கேட்டார். முடியும் என்றார் மாமி. நாள்காட்டிப் படத்தைத் தொடச் சொன்னார். அவர் தொட்டார். பஞ்சாங்கத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, அடுத்து வரும் ஏகாதசிகள் ஒவ்வொன்றையும் அவரே பதிந்துகொண்டிருந்தார். மார்கழி ஏகாதசிக்கு வந்தபோது, மகன் அப்போது ஊருக்கு வருகிறான் என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்.